பதினான்கு சிலிண்டர் தண்ணீரும் ஒரு கையெழுத்தும்

அனுப்புநர்
ஸ்டோர் பொறுப்பாளர்,
குளிர்பதனக் கிடங்கு,
பின்வாசல் ஸ்டோர் அறை.

பெறுநர்
உயர்திரு தலைமை அலுவலர் அவர்கள்,
குளிர்வாயு ஒழுங்குமுறை அலுவலகம்.

பொருள்: பழைய குளிர்வாயுவை வெளியே திறந்துவிட்டுச் சிலிண்டர்களில் தண்ணீர் நிரப்பிக் கணக்குக் காட்டியது – அன்று ஊரிலேயே இல்லாத பணியாளர் மீது பழி போட்டது – மீதமுள்ள மூன்று சிலிண்டர்களை வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து சோதிக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: என் தங்கை மகளிடம் விளக்கம் கேட்டுத் தங்கள் அலுவலகம் அனுப்பிய கடிதம்.

மதிப்பிற்குரிய அய்யா,

இருபத்தாறு ஆண்டுகளாக இந்தக் கிடங்கின் சாவிக்கொத்து என் இடுப்பில் தொங்குகிறது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்தான். ஆனாலும் மனு எழுதுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் தெருச் சாக்கடைக்காக நான் எழுதிய மனுவைப் படித்துவிட்டு ஒரு பொறியாளர் காலில் செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தார். செருப்புப் போட்டிருந்தார் என்று என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறார். "சும்மா அளந்து விடாதீங்க. ஒரு பொய்யைக் கண்டுபிடிச்சா மொத்தத்தையும் பொய்யின்னு குப்பையில போட்டுடுவாங்க. இது நம்ம பொண்ணு விஷயம்" என்று சொல்லி, கையில் பேனாவோடு இருக்கிறார். ஆகையால் கீழே உள்ளவை அவர் அடித்தது போக மிஞ்சியவை என்று அய்யா அவர்கள் நம்பலாம்.

1. இந்த நிறுவனத்தில் குளிர்வாயுவைத் தொடுவதற்குச் சான்றிதழ் பெற்ற ஒரே ஆள் என் தங்கை மகள். அந்தச் சான்றிதழை வரவேற்பறையில் பிளாஸ்டிக் செடிக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி வைத்திருக்கிறார்கள். வருகிற போகிற எல்லாரும் அதைப் பார்ப்பார்கள். அவளை யாரும் பார்ப்பதில்லை. அவள் இயந்திர அறையில் குனிந்து ஒவ்வொரு இணைப்பாகச் சோப்பு நுரை தடவிக் கசிவு தேடிக்கொண்டிருப்பாள். பரீட்சையில் அவள் முதலிடம். (மூன்றாம் இடம்.) பிரஷர் கேஜைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று எழுதியிருந்தேன், அது அடிக்கப்பட்டுவிட்டது. உண்மையில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவள்.

2. எங்கள் பழைய இயந்திரங்களில் ஓடியது, வானத்தின் ஓசோன் மேல்படலத்தை அரிக்கிற பழைய வாயு. அதை எடுத்துவிட்டுப் புது வாயு ஏற்ற வேண்டும் என்பது தங்கள் உத்தரவு. எடுப்பதென்றால், மீட்பு இயந்திரத்தை வைத்து மூன்று நாள் பொறுமையாக உறிஞ்சிச் சிலிண்டர்களில் அடைத்து, சுத்திகரிப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும். "ஒரு கிலோ வெளியே போனா, ஆயிரத்து எண்ணூறு கிலோ கரியமில வாயுவை விட்டதுக்குச் சமம் மாமா" என்று என் தங்கை மகள் சொல்வாள். பதினான்கு காலிச் சிலிண்டர்களுக்கும் வேக்குவம் போட்டு, உள்ளே காற்றுகூட இல்லாமல் இழுத்து, சீட்டுக் கட்டித் தயாராக வைத்தாள். பிறகு புது வாயுவுக்கான நான்கு நாள் பயிற்சிக்கு வெளியூர் கிளம்பினாள். கிளம்பும்போது என்னிடம், "நான் வர்ற வரைக்கும் வால்வு மேல யாரும் கை வைக்கக்கூடாது மாமா, பார்த்துக்கோங்க" என்றாள். "என்னைத் தாண்டி ஒருத்தன் கை வெச்சிடுவானா?" என்று நானும் மார் தட்டினேன்.

3. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு 'அவசரம்' வந்தார். ஒப்பந்தக்காரர். எந்த வேலைக்கும் "அவசரம் சார்" என்றுதான் வாயைத் திறப்பார், அதனால் அந்தப் பெயர். அவரிடம் மீட்பு இயந்திரம் இல்லை. ஒரு ரப்பர் ஹோஸ் இருந்தது. மேலாளர் தலையாட்ட, அந்த ஹோஸைப் பின்பக்க ஜன்னல் வழியாக வெளியே தள்ளி, வால்வை முழுசாகத் திறந்துவிட்டார்கள். சாயங்காலம் வரை சீறியது. ஹோஸ் முழுக்கப் பனி பூத்தது. வாயுவோடு சேர்ந்து கம்ப்ரஸர் எண்ணெயும் வெளியே வந்து, எச்சில் துப்புவது போலச் சுவரெல்லாம் துப்பியது. அந்தக் கறுப்புக் கறை இன்றும் வழிந்தபடி நிற்கிறது. அதைக் கடந்துதான் நான் தினமும் சாப்பிடப் போகிறேன். என் தட்டில் யாரோ காறித் துப்பிவிட்டது போலக் குமட்டுகிறது அய்யா.

பின்வீட்டு அம்மா, காயப்போட்டிருந்த படுக்கை விரிப்பில் எண்ணெய்ப் புள்ளிகளோடு நேராக அலுவலக அறைக்கே வந்துவிட்டார். "உங்க மிஷினுக்கு வாந்தி வந்தா எங்க துணியிலதான் எடுக்கணுமா?" என்று கேட்டார். மேலாளர் பல் குத்துவதை நிறுத்தாமலே, "காத்துதானேம்மா, காத்தோட போயிடும்" என்றார். "அப்ப இந்த எண்ணெயும் காத்தோட போகட்டும், நீயே தொவைச்சு வை" என்று விரிப்பை அவர் மேஜை மேல், மோர் டம்ளர் மேலேயே போட்டுவிட்டுப் போனார். நான் எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன். அந்த விரிப்புக்கு இணையான ஒரு மனுவை நான் எழுதியதில்லை.

4. திங்கட்கிழமை தேநீர் வேளையில்தான் மேலாளருக்குப் புத்தி வந்தது. புதன்கிழமை பரிசோதகர் வந்து சிலிண்டர்களை எடை போடுவார், பதினான்கும் காலி. அப்போது அங்கிருந்த ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார்: "இதுக்குப் போயா மண்டையை உடைச்சுக்கறீங்க? வேக்குவம் போட்ட சிலிண்டர் சார் இது! ஹோஸை வாளித் தண்ணியில விட்டு வால்வைத் திறந்தா, கன்னுக்குட்டி பால் குடிக்கிற மாதிரி தானே குடிச்சிடும். அவங்களுக்கு எடைதானே வேணும்? எவன் திறந்து பார்க்கப் போறான்?" எல்லாரும் சிரித்தார்கள். மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் வாளிகள் வந்தன. வாயுவாக இருந்தால் சிலிண்டரில் முக்கால் பாகத்துக்குச் சற்று மேலே நிரப்பினாலே நாற்பத்தெட்டு கிலோ வந்துவிடும். தண்ணீரைக் கழுத்து வரைக்கும் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றினார்கள்.

5. பரிசோதகர் தங்கள் அலுவலகத்தைச் சேர்ந்தவர் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். மேலாளர் அறையில் கேக்கும் பழச்சாறுமாக முக்கால் மணி நேரம் இருந்தார். சிலிண்டர்களிடம் கால் மணி நேரம். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, உதட்டோரத்தில் கேக் தூளோடு, தராசில் தெரிந்த எண்ணைப் படித்து எழுதினார். பக்கத்து ஆணியிலேயே கேஜ் தொங்கியது. அதை எடுத்து மாட்டியிருந்தால், வாயு உள்ள சிலிண்டரில் முள் நூற்றைம்பதுக்குப் பக்கத்தில் நிற்கும். தண்ணீருக்குப் பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கும். அவ்வளவுதான் வேலை, அரை நிமிடம். அவர் ஆணியைக்கூடப் பார்க்கவில்லை. பதினான்குக்கும் தேதி போட்டு ஈய முத்திரை வைத்துவிட்டு, "இவ்வளவு ஒழுங்கா வேலை செய்யற இடத்தை நான் பார்த்ததே இல்லை" என்றார். கைகுலுக்கினார்கள். நான் குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தேன்.

6. வெள்ளிக்கிழமை என் தங்கை மகள் பயிற்சி முடித்து வந்தாள். பரிசோதகர் முத்திரையிட்ட எடைச் சீட்டைக் காட்டி, மீட்புப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டாள். பதினொரு சிலிண்டர்கள் லாரியில் போயின. இடமில்லாததால் மூன்று என் ஸ்டோர் அறையில் தங்கிவிட்டன. மூன்று வாரம் கழித்துச் சுத்திகரிப்பு மையத்தில் முதல் வால்வைத் திறந்தபோது கொடகொடவென்று குழாய்த் தண்ணீர் வந்ததாம். தொடர்ந்து தங்கள் கடிதம் வந்தது: பதினைந்து நாளில் தக்க விளக்கம் தராவிட்டால் சான்றிதழ் ரத்து. வருகிற திங்கட்கிழமையோடு கெடு முடிகிறது. சான்றிதழ் போனால் எந்தக் கிடங்கிலும் அவளை இயந்திர அறைக்குள் விடமாட்டார்கள்.

கடிதம் வந்த அன்றே மேலாளர் பேக்கிங் கூடத்தில் முப்பது பேர் நடுவே அவளை நிற்க வைத்தார். "படிச்ச திமிரு! வாயுவை எவனுக்கோ வித்துட்டுத் தண்ணியை ரொப்பி வெச்சிருக்கா!" என்றார். "முத்திரை போட்ட அன்னைக்கு நான் ஊர்லயே இல்லையே சார்" என்றாள். "கையெழுத்து யாரோடது? உன்னோடதா, எங்கம்மாவோடதா?" என்றார். ஹோஸைப் பிடித்தவர் அங்கேதான் நின்றார். வாளி தூக்கியவர்களும் நின்றார்கள். எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட மனிதர்களோடா இத்தனை வருஷம் ஒரே பாத்திரத்துத் தேநீரைக் குடித்தோம் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

7. இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. புதிதாக ஏற்றிய வாயு மேல்படலத்தை அரிக்காது, ஆனால் பூமிச் சூட்டை முன்னதைவிட அதிகமாகக் கூட்டும் என்கிறாள் என் தங்கை மகள். அதுவும் இப்போதே கசிகிறது. மூன்றாம் குளிரறை இணைப்பில் நானே சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். யானைத் தலை அளவுக்குக் குமிழி வந்தது. (எலுமிச்சம்பழ அளவு.) இரண்டு முறை வாயுவை ஏற்றி நிரப்பிவிட்டார்கள். கசிவுப் பதிவேட்டில் மட்டும், இன்னும் வராத மாதங்களுக்கும் சேர்த்து, 'கசிவு இல்லை' என்று ஒரே பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

8. நான்காம் பத்தியில் 'ஒருவர்' என்று எழுதியிருக்கிறேன். அந்த ஒருவர் நான்.

கிடங்கில் என்னை 'ரேடியோ' என்பார்கள். பேச்சை நிறுத்தத் தெரியாதவன். அன்று தேநீர் வேளையில், எனக்குத் தெரியாத தொழிலே இல்லை என்று காட்டிக்கொள்ளத்தான் அதைச் சொன்னேன். மேலாளர் என் தோளைத் தட்டி, "மூளைன்னா இவருக்குத்தாண்டா" என்றார். அந்த ஒரு தட்டலுக்கு, வாளிக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்ததும் நான்தான்.

அது மட்டுமல்ல. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், என் தங்கை மகள் ஆணியிலிருந்து கேஜைக் கையில் எடுத்துவிட்டாள். ஒரு சிலிண்டரில் மாட்டிப் பார்த்துவிட்டுப் போடலாம் என்றுதான். என்னைத் திரும்பிப் பார்த்து, "எல்லாம் சரியா எடுத்தாங்களா மாமா?" என்று கேட்டாள். நான், "பக்கத்துலயே நின்னு பார்த்தேன் கண்ணு, ஒரு பொட்டு வீணாகலை" என்றேன். அவள் கேஜைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பரிசோதகரின் முத்திரையை நம்பி அவள் போடவில்லை அய்யா.

பேக்கிங் கூடத்தில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன். அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள், சாட்சிக்கு. ரேடியோ பேசவில்லை. அன்றிலிருந்து எட்டு நாள் வீட்டிலும் பேசவில்லை. என் மனைவிதான் பிடித்து உட்கார வைத்துக் கேட்டார். சொன்னேன். "உங்க வாய் பண்ணினதை உங்க வாய்தான் அவிழ்க்கணும். எழுதுங்க" என்று தாளை எடுத்து வைத்தார். மற்றவர்களைப் பற்றி எழுதும்போது வந்த குமட்டல், இந்தப் பத்தியை எழுதும்போதுதான் அதிகம் வந்தது. இதில் அவர் ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை.

9. மீதி மூன்று சிலிண்டர்களை வெள்ளிக்கிழமை மதியம் எடுத்துப்போக மேலாளர் லாரி சொல்லிவிட்டார். அவை போய்விட்டால் சாட்சியும் போய்விடும். மூன்றிலும் முத்திரை உடையாமல் இருக்கிறது. அதில் உள்ள தேதியன்று என் தங்கை மகள் பயிற்சி வகுப்பில் இருந்ததற்கு வருகைப் பதிவு இருக்கிறது. ஸ்டோர் சாவியை மேலாளர் இரண்டு முறை கேட்டார். தொலைந்துவிட்டது, தேடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. இந்தப் பொய்க்கு மட்டும் என் மனைவி பேனாவை எடுக்கவில்லை.

ஆகவே அய்யா அவர்களை நான் கேட்டுக்கொள்வது:

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் தாங்களே நேரில் வர வேண்டும். அந்தப் பரிசோதகரை அனுப்ப வேண்டாம். தராசு கொண்டுவர வேண்டாம். ஒரு கேஜ் போதும். முள் அசையாமல் படுத்துக் கிடப்பதைத் தங்கள் கண்ணால் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். பின்சுவரின் எண்ணெய்க் கறையையும், மூன்றாம் குளிரறை இணைப்பையும், கசிவுப் பதிவேட்டின் வராத மாதங்களையும் அப்படியே பார்த்துவிட வேண்டும்.

என் தங்கை மகளின் சான்றிதழை ரத்து செய்யக் கூடாது. அதை அந்தப் பிளாஸ்டிக் செடிக்கு மேலிருந்து கழற்றி அவள் கையிலேயே கொடுக்க வேண்டும்.

என் மீது சட்டப்படி என்ன நடவடிக்கை உண்டோ அதை எடுக்கலாம். ஸ்டோர் வாசலிலேயே நிற்பேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன்.

இடம்: ஸ்டோர் அறை
நாள்: புதன்கிழமை, காலை

இப்படிக்கு,
ஸ்டோர் பொறுப்பாளர்
(கையொப்பம்)

இணைப்பு: பயிற்சி வகுப்பு வருகைப் பதிவின் நகல் ஒன்று, மூன்று முத்திரைகளின் புகைப்படங்கள்.

மனுவின் நகல்: என் தங்கை மகளுக்கு. இன்னும் கொடுக்கவில்லை. தங்கள் அலுவலகத்தில் இதைச் சேர்த்த கையோடு, தபாலில் போடாமல், நானே அவள் எதிரில் நின்று கொடுக்கிறேன்.