இலவங்கம் என்று கேட்டேன்

செவ்வாய், யூலை 8. விடியலிலிருந்தே தூறல்.

அவையோரே! அவை என்றால் கண்ணாடித் தொட்டிக்குள் ஒற்றைப் பொன்மீன். என் மேடைப் பேச்சு ஒவ்வொன்றையும் முதலில் கேட்பது அது. குரல் உயர்ந்தால் கண்ணாடியருகே வந்து வாயைத் திறந்து மூடும். நான் இட்ட பெயர் பொற்கயல். மனைவி ரீட்டாவுக்குக் குண்டன்.

இன்று என் முறையீடு இதுவே: அதன் உடல் வீங்கிவிட்டது. செதில்கள் விரிந்து நிற்கின்றன. சாய்ந்தே மிதக்கிறது. இரை தொடவில்லை.

தொலைபேசியில் விலங்கு மருத்துவர்: இனித் தேறாது. கராம்பு எண்ணெயைச் சிறிது நீரில் குலுக்கி, மீன் இருக்கும் நீரில் மெல்ல மெல்ல ஊற்றுங்கள், உறக்கத்திலேயே போய்விடும்.

மாலை மகய்யாவை ஊரில் மேடைக் கூட்டம். பேசினேன். கைதட்டினார்கள். என்ன பேசினேன்?

புதன், 9. அடைமழை.

நகரக் கடையில் "இலவங்க எண்ணெய் உண்டா?" என்று கேட்டேன். தூயதமிழ் மேடைக்காரன் நான்; கராம்பு என்னும் கடைவீதிச் சொல் என் நாவில் ஏறாது. கடைக்காரர், எல்லோரும் நானா என்றழைக்கும் மடவளை ஊர்க்காரர், பெயரொட்டாத சிறு போத்தல் ஒன்று தந்தார்.

வாளியில் மீன். குலுக்கி ஊற்றினேன். உறங்கவில்லை. துடித்தது. வாளிச் சுவரில் மோதி மோதி. ரீட்டா குனிந்து முகர்ந்தாள்.

"இது கறுவா வாசங்க. என்னத்த ஊத்துனீங்க?"

உடனே நல்ல நீருக்கு மாற்றினோம். உயிர் இருக்கிறது. செவுள்கள் செக்கச்செவேல். பேசுவது நான் என்று அறிந்து, கண்ணாடியருகே வர முயன்றது. அதைத்தான் தாங்க இயலவில்லை.

வியாழன், 10. வெயில்.

மீண்டும் கடை. இலவங்கப்பட்டை, அதாவது கறுவா, என்றே நானா விளங்கிக்கொண்டாராம். சிரித்தபடி வேறு போத்தல் எடுத்தார்.

"'கராம்பு'ண்டு நேத்தே சொல்லியிருக்கலாமே சேர். மீனுக்கு மேடைத் தமிழா விளங்கும்?"

அதற்கு விளங்கியது. போத்தலை வாங்கிக்கொண்டேன்.

பேருந்தில் உறைத்தது: இலவங்கமும் வடசொல். தூய்மையும் இல்லை, பயனும் இல்லை. ஒரு சொல்லுக்காக ஓர் இரவு முழுதும் அது வெந்தது.

வாளி ஆயத்தம். இம்முறை கராம்பு மணமேதான், பல்வலி மணம். ரீட்டா உள்ளங்கையில் ஏந்தி மாற்றிவிட்டாள். நான் விடைதரும் உரை எழுத அமர்ந்தேன். "அன்புக்குரிய" என்பதற்கு அப்பால் ஒரு சொல்லும் வரவில்லை.

உள்ளிருந்து அவள்: "எழுதுனது போதுங்க. அது மூச்சு வாங்குது. வாங்க."

உரை வேண்டாம். நாவே, அடங்கு. கையே, எழு. ஊற்று. இப்போதே ஊற்று.