பஸ்ஸில் மலையாளம் பேசவும்

1954 ஆவணி, புதன் இரவு.

இந்த நோட்டை எடுப்பவர்கள் யாரிடமும் காட்டாதீர்கள், கும்பிடுகிறேன்.

அக்கா கல்யாணத்துக்கு நாகர்கோவிலிலிருந்து பாறசாலைக்கு வருபவர்களுக்கு, சித்தப்பா சொல்லச் சொல்ல இன்று பன்னிரண்டு கடிதம் எழுதினேன். இரண்டிரண்டு பேராக வரவும். தமிழ்ச் செய்தித்தாள் கொண்டுவர வேண்டாம். பஸ்ஸில் மலையாளம் பேசவும்.

போன மாதம் மேடையேறி, உயிர் போனாலும் தமிழ்தான் என்று கத்திய அதே சித்தப்பா! திருவிதாங்கூர்த் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட ஊர்வலத்தில் போன அண்ணன் போலீசுக்குப் பயந்து ஒளிந்து திரிகிறான். இவர் வேட்டியில் தூசிகூட இல்லை.

"நீங்களா சித்தப்பா இப்படிச் சொல்லுதீங்க?" என்றேன்.

"சும்ம எழுது மக்கா. மேடை வேற, பஸ்ஸு வேற ஆக்கும்."

தூ! அந்த ஆத்திரத்தில் மாமா மகளுக்கான கடிதத்தின் அடியில், 'அண்ணன் கோழையில்லை, கல்யாணத்துக்கு வருவான்' என்று எழுதிவிட்டேன். சாயங்காலம் கடிதங்கள் பஸ் கண்டக்டர் கையில் போயின.

சாப்பிடும்போது சித்தப்பா சொன்னார்: "பஸ்ஸு போற வழியில, களியக்காவிளையில, போலீசு கடுதாசியக்கூடப் பிரிச்சுப் பாக்குதானுவளாம்."

பாதியில் எழுந்து கை கழுவிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். அந்தக் கோழைச் சித்தப்பா எழுதச் சொன்னதில் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. எழுதியது நான்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். சித்தப்பா மலையாளத்தில்தான், "ஆராணு?" என்று கேட்கிறார். பதில்—