துரையிடம் பேசிய இங்கிலீஷ்

9 ஜூலை 1974, செவ்வாய்

நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுவதைச் சொல்ல, மழைக்கு முன்பிருந்தே மனப்பாடம் செய்துவைத்த இங்கிலீஷை இன்று எஸ்டேட்டை நடத்தும் துரையிடம் திக்காமல் பேசிவிட்டேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் துரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இந்த எருமமாட்டுக்கு எங்க வெளங்கப் போவுது" என்றார்.

வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் தினமும் எல்லோரும் இப்படித்தான், துரையை முகத்துக்கு நேரே சிரித்தபடி திட்டுவோம். வடக்கத்தி ஆள், தமிழ் தெரியாது என்று நினைப்பு.

துரை என் பக்கம் திரும்பினார். "நாளைக்கே கூரைய மாத்தச் சொல்றேன்மா. எருமமாட்டுக்கு நல்லா வெளங்கிருச்சு."

அப்படியே தமிழில்!

வீட்டுக்காரர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் இத்தனை நாள் பெரட்டில் சொன்னதையெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். அதிலெல்லாம் எருமைமாடுதான் மரியாதையான வார்த்தை.