சேம்பரில் சிக்கிய பனியன் நூல்

புதன், இரவு.

கோபம் இன்னும் இறங்கவில்லை. போன வாரம்தான் மெக்கானிக் சுப்பு என் காரின் ஆயில் சேம்பருக்கு, எண்ணெய் ஒழுகாமல் இருக்கப் புது கேஸ்கெட் போட்டான். இன்று சேவூரில், சம்பந்தி வீட்டு வாசலின் புது டைல்ஸில், காருக்கு அடியில் தோசைக்கல் அகலத்துக்கு எண்ணெய்! "இதென்னங்க, நீங்க கொண்டாந்த சீருங்களா?" என்று சம்பந்தி சிரித்தார்.

நேராக நல்லூர் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், "நீயெல்லாம் மெக்கானிக்காடா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். வண்டி விட வந்திருந்த ஒருவர் அப்படியே திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சுப்பு சேம்பரைக் கழற்றினான். கேஸ்கெட்டுக்கு அடியில் வெள்ளை நூல்; அந்த இடைவெளியில்தான் எண்ணெய் கசிந்திருக்கிறது. கேஸ்கெட் போட்ட அன்றைக்கு அவன் டீக்குப் போனபோது, அவன் சுத்தம் செய்து வைத்த விளிம்பை, என் பனியன் கம்பெனியின் வேஸ்ட் துணியை எடுத்து மறுபடி துடைத்த மேதாவி நான்தான்!

"அடுத்த தடவ டீக்கு நீங்களும் கூட வந்துருங்ணா" என்றான். அவ்வளவுதான். திருப்பித் திட்டித் தொலைத்திருக்கலாம், பாவி.

நான் திட்டியது தெருக்கோடி வரை கேட்டது. "தப்பு என்னுது சுப்பு" என்றது எனக்கே கேட்கவில்லை.