அப்பா துப்பிய மிடறு

கிரான்பர்ன்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் சுபாங்கனுக்கு,

நீயும் வினுஷாவும் நலமாயிருக்க முருகன் துணையிருக்கட்டும். நானும் அப்பாவும் இருக்கிறோம். போனில் கதைக்கலாம் என்றால் அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, ஸ்பீக்கரில் போடு என்பார். வாட்ஸ்அப்பில் வருகிற சின்ன எழுத்தையும் அவர்தான் எனக்கு வாசித்துச் சொல்கிறார். அதனால்தான் கடிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

போன கிழமை சிட்னியில் எங்களை நன்றாகக் கவனித்தாய். வினுஷா நல்ல பிள்ளை. தாய்க்காரி கொஞ்சம் பெரிய கதை கதைக்கிறா, ஆனால் மனம் கெட்டதல்ல. நீ வேலை செய்கிற விஸ்கிக் கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதைப்போல, சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் ஐந்து கிளாஸை வரிசையாக வைத்து நீ விளக்கியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஸ்கொட்லாந்து விஸ்கியைக் கடைசிக் காலத்தில் வைன் இருந்த பீப்பாயில் ஊற்றி வைப்பார்களாம், அந்த வைனின் மணமும் நிறமும் ஏறுமாம். பீப்பாய் வெறுமையானாலும் மணம் போகாது என்று நீ சொன்னபோது நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் ஒவ்வொன்றாக மணந்து, இது முந்திரிகை வத்தல், இது தேன், இது தோடம்பழத் தோல் என்றார். அப்பாவுக்கு இப்படி ஒரு மூக்கா என்று நீ சிரித்தாய். மணந்து மணந்து கீழே வைத்தாரே தவிர ஒரு துளியும் குடிக்கவில்லை. வினுஷாவின் தகப்பன் மகேந்திரராஜா, "மருமகன் ஊத்தினது சம்பந்திக்குப் பிடிக்கேல்லைப் போல" என்றார். எல்லோரும் பார்த்தார்கள். "பிள்ளை ஆசையா ஊத்தினது, ஒரு வாய் குடியுங்கோவன்" என்று நான்தான் சொன்னேன்.

அப்பா என்னைப் பார்த்தார். கிளாஸை எடுத்து வாயில் வைத்தார். பிறகு மேசை நடுவிலிருந்த சாடிக்குள் துப்பினார். துப்பத்தான் அது என்று நீயே முதலில் சொல்லியிருந்தாய். ஆனாலும் எங்கள் ஆட்களில் யார் சபையில் துப்புவார்கள். சம்பந்தியின் முகம் கறுத்தது. நீயும் முகத்தைத் திருப்பினாய். எயார்போர்ட்டில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பா ஏன் உன்னை அவமானப்படுத்தினவர் என்று கேட்டாய். பல்லுக்கொதி, வலியில் துப்பிவிட்டார் என்றேன். பொய்.

நீ சின்னவனாக இருந்தபோது, அப்பாவுக்கு நைட் ஷிப்ட், பகலில் கராஜில் படுக்கட்டும் என்று உன்னையும் தங்கச்சி சயந்தினியையும் அந்தப் பக்கம் போக விடமாட்டேன். டண்டினொங் பக்டரியில் அவருக்கு நைட் ஷிப்ட் இருந்ததே இல்லை. குடித்துவிட்டுக் கிடந்தார். நான் குசினி சிங்கில் கவிழ்த்த போத்தல்களுக்குக் கணக்கில்லை. நீ யூனிவர்சிட்டிக்குப் போன வருஷம் அவராகவே டொக்டரிடம் போய்க் குடியை விட்டுவிட்டார். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டார். அன்றிலிருந்து தொட்டதில்லை. போத்தலைக் கவிழ்த்த நானே, நாலு பேர் முகத்துக்குப் பயந்து அவரைக் குடிக்கச் சொன்னேன். நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது, மகன்.

அன்றிரவு வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்து நின்றார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் என் பாரமாவது குறைந்திருக்கும். "பிள்ளையின்ர முகத்தைக் கெடுத்துப்போட்டன்" என்று மட்டும் சொன்னார். இப்போது உங்கள் கலியாண எழுத்துக்கு, நீங்கள் ரெஜிஸ்டர் பண்ணுகிற அன்றைக்கு, வரமாட்டாராம். நீ மட்டும் போய் வா என்கிறார். புதுச் சேர்ட் வாங்கப் போவோம் என்றேன், எழும்பிப் போய்ச் செடிகளுக்குத் தண்ணி விட்டார்.

நான் எழுதியதை அவரிடம் காட்டிக்கொள்ளாதே. தொழில் தெரிந்தவர்கள் விழுங்கமாட்டார்கள், துப்புவார்கள் என்று நீதானே சொன்னாய். அன்றைக்கு அந்த மேசையில் முறையாகச் செய்தவர் அப்பா ஒருவர்தான் என்று அவருக்குச் சொல்லு. நான் சொன்னால் எடுபடாது, நான்தான் குடிக்கச் சொன்னவள். நீ சொன்னால் வருவார். எழுத்தன்று அவருக்கு முன்னால் ஒரு தேத்தண்ணி வைத்தால் போதும்.

நீங்கள் இருவரும் நூறாண்டு சேர்ந்து வாழ வேண்டும். அவருடைய போனுக்கே கோல் எடு, மகன். நான் குசினிக்குள் போய்விடுவேன்.

உன் அம்மா
சந்திரவதனா