ஆறு வியாழக்கிழமைகள்

கிளைவ்,

நீ சாப்பிட ஷெப்பர்ட்ஸ் பை செய்து ஓவனில் வைத்திருக்கிறேன். பதினொரு மணிக்கு பாய்லர் பார்க்க ஆள் வருவார், நாயைச் சமையலறையில் அடைத்துவிடு.

ஆளைக் கேள்வி கேட்டே முன்னேற்றுகிற அந்தக் கோச்சிங் சைக்காலஜி முதுகலைப் படிப்பில் உனக்கு இடம் கிடைத்துவிட்டது. கடிதம் மேசைமேல் கிடந்தது, படித்தேன். கூடவே உன் விண்ணப்பத்தையும் படித்தேன். “ஹெச்., ஐம்பத்திரண்டு வயது, நூலகர். எதையும் எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார். ஆறாவது அமர்வில் நல்ல முன்னேற்றம்.” என்னை விட்டால் இந்த வீட்டில் வேறு எந்த நூலகர் இருக்கிறார்?

ஆறு வியாழக்கிழமைகள் டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாய். “உனக்கு உண்மையிலேயே என்ன வேணும், ஹிலரி? நிதானமா சொல்லு, நான் கேக்கறேன்.” கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இப்போதாவது கேட்கிறானே என்று, அசடு மாதிரி எல்லாவற்றையும் கொட்டினேன். என் அம்மா சாவுக்கு நீ வராததைக்கூட.

ஏழாவது வியாழன் இரண்டு கோப்பை தேநீரோடு வந்து உட்கார்ந்தேன். நீ கால்பந்து பார்த்துக்கொண்டே “என்ன?” என்றாய். விண்ணப்பத்துக்கு ஆறு அமர்வுதான் தேவை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

என்னைப் பற்றி எழுதியதற்கு வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒப்புதல் கையெழுத்துப் போடாவிட்டால் இடம் போய்விடுமாமே. படிவத்தை எடுத்துக்கொண்டு விட்பிக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

ஹிலரி

பி.கு. நாய்க்கு ஷெப்பர்ட்ஸ் பை போடாதே, அதில் வெங்காயம் இருக்கிறது, நாய்க்கு ஆகாது.

இன்னொன்று. கையெழுத்து வேண்டுமென்றால் வியாழக்கிழமை வா. வாசலிலேயே நிறுத்திக் கேட்பேன்: “உனக்கு உண்மையிலேயே என்ன வேணும், கிளைவ்? நிதானமா சொல்லு.” “கையெழுத்து” என்று மட்டும் சொல்லிப் பார், கதவைச் சாத்திவிடுவேன்.