204-க்குச் சொந்தக்காரன்

5.9.94, திங்கள்

புகைமூட்டம். எதிர் வரிசைக் கடைகளே மங்கல். தொண்டை எரிச்சல். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே.

ஆபீசுக்குப் புதிய கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பழையதும் யூனிக்ஸ், இதுவும் யூனிக்ஸ். ஆனால் வேறு கம்பெனி, வேறு குணம். சனிக்கிழமை மதியம் பழையதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதற்குள் நான் எழுதிய கண்டெய்னர் புரோகிராம் புதியதில் ஓட வேண்டும். ஓடாவிட்டால் கடையில் ரெடிமேடாக ஒன்று வாங்கிவிடலாம் என்கிறார் முதலாளி. பதினொரு வருட உழைப்பு. அதையும் என்னிடம் சொல்லவில்லை, சிவநேசனைப் பார்த்துச் சொன்னார்.

சிவநேசன் கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர். என் மனைவி கமலாவின் தம்பி என்பதை நான் ஆபீசில் சொல்லிக்கொள்வதில்லை.

இருமல் மருந்து வாங்க மறந்தேன்.

6.9, செவ்வாய்

பழையதிலிருந்து எல்லா ஃபைல்களையும் டேப்பில் ஏற்றி, டேப்பிலிருந்து புதியதில் இறக்கியாயிற்று. இறக்கியது சிவநேசன், இனி இங்கே சி. அந்த அதிகாரம் அவன் ஒருவனுக்குத்தான்.

என் புரோகிராமை ஓட்டினேன். Permission denied. அனுமதி இல்லையாம். மறுபடியும் அதே.

ஃபைல் பட்டியலைக் காட்டும் ls -l அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஃபைலின் பக்கத்திலும் சொந்தக்காரர் பெயர்: siva. மேலிருந்து கீழ்வரை siva, siva, siva. நான் எழுதிய ஃபைல்கள்.

காரணம் புரிய அரை மணி நேரம். டேப் ஆளின் பெயரைத் தூக்கி வருவதில்லை, கம்ப்யூட்டர் அவருக்குக் கொடுத்த எண்ணை மட்டும் தூக்கி வருகிறது. பழையதில் நான் 204. புதியதில் பதவி வரிசைப்படி எண் கொடுத்திருக்கிறார்கள். 204 அவன். எனக்கு 211, ஸ்டோர் கிளார்க்குக்கும் பின்னால்.

சொந்தக்காரரை மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும், chown. அதை அடிக்கும் அதிகாரமும் அவனிடமே. போய்க் கேட்க வேண்டும்.

கேட்க மாட்டேன்.

7.9, புதன்

வேறு வழி கண்டுபிடித்தேன். பழைய கம்ப்யூட்டரில் நான் இன்னும் நான்தான். அங்கிருந்து ஃப்ளாப்பியில் டாஸ் பிசிக்கு. அங்கிருந்து புதியதற்கு. நானே கொண்டுபோய் வைத்தால் என் பெயரில்தானே இருக்கும்.

டாஸுக்குச் சொந்தக்காரர் என்ற விஷயமே தெரியாது. கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி, வந்தவர் எல்லாரும் உட்காரலாம்.

நாள் முழுக்க ஃப்ளாப்பி. பதினாறாவது கெட்டுப்போனது. வேறு எடுத்தேன்.

மாலையில் பார்த்தால்:
- டாஸ் எல்லாப் பெயரையும் எட்டு எழுத்தில் வெட்டிவிட்டது. container_release, container_return இரண்டும் CONTAINE. ஒன்றின் மேல் ஒன்று எழுதிக்கொண்டுவிட்டன.
- ஓட்டும் அனுமதி எந்த ஃபைலிலும் இல்லை.
- ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ^M என்று ஒரு குப்பை.

பழையதில் அசல் இருக்கிறது, நஷ்டமில்லை. ஆனால் பெயர் பெயராக மாற்றி மறுபடியும் முதலிலிருந்து.

சி. என் மேஜையைக் கடந்து போனான். ஃப்ளாப்பி அடுக்கைப் பார்த்தான். அந்தப் பார்வையை மறக்க மாட்டேன்.

8.9, வியாழன்

அலமாரி மேல் மகள் வசந்தியின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு அப்படியே கிடக்கிறது. காலையில் கமலா ஆரம்பித்தாள்.

"ஏங்க, தாய்மாமனுக்கு வைக்காம வேற யாருக்கும் பத்திரிகை வைக்க முடியாது. அம்பாங்ல அத்தை வீட்டுல கேட்டாச்சு, செமினில கேட்டாச்சு. நான் என்ன பதில் சொல்றது?"

"தபால்ல அனுப்பு."

"தாய்மாமனுக்குத் தபாலா? பொண்ணுக்கு மாலை எடுத்துக் குடுக்கிறவன் அவன். தட்டு, வெத்தலை பாக்கோட நேர்ல போய்க் கூப்பிடணும். நீங்க வரணும். நான் மட்டும் போனா அவன் வாங்க மாட்டான்."

"வாங்காட்டி போகட்டும்."

"மூணு வருஷமா இந்தப் பாட்டுத்தான்."

மூன்று வருடமா? மூன்று வருடத்தில் நடந்ததை எழுதினால் இந்த டைரி போதாது. சுருக்கமாக: மெட்ராஸில் கணக்கில் முதல் வகுப்பு நான். இங்கே இரண்டு வருட டிப்ளோமா அவன். மேனேஜர் வேலை அவனுக்கு. தகவலை முதலாளி வாயால் கேட்டேன், அவன் வாயால் இல்லை. அன்று மாலை அவன் லட்டுப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். திறக்காமல் திருப்பி அனுப்பினேன்.

அன்றிலிருந்து ஆபீசில் அவன் மிஸ்டர் சிவநேசன்.

இன்று மட்டும் ஐம்பது ஃபைல் சரிசெய்தேன். கண் எரிகிறது, புகையா திரையா தெரியவில்லை.

9.9, வெள்ளி

எல்லா ஃபைலும் என் பெயரில். பெயர்கள் சரி. ^M போயிற்று. ஓட்டும் அனுமதியும் கொடுத்தாயிற்று. மதியம் உரிய டைரக்டரியில் வைக்கப் போனேன்.

Permission denied.

டைரக்டரியும் 204. ஃபைல் என்னுடையது, அது குடியிருக்க வேண்டிய வீடு அவனுடையது. வேறு இடத்தில் வைத்தால் பிரிண்டர் வேலை செய்யாது. இடத்தைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவைத்தவன் நான்தான்.

லோரிகளைக் கவனிக்கும் முனியாண்டி வந்து நின்றான். என் புரோகிராம் அடிக்கும் ஸ்லிப் இல்லாமல் யார்டிலிருந்து ஒரு கண்டெய்னரும் வெளியே போகாது.

"அண்ணே, நாளைக்கு மத்தியானம் ஸ்லிப் வருமா வராதா? தெலுக் பங்லிமா காராங்குக்குப் போற லோரி எல்லாம் கேட்டுலயே நிக்கும் லா."

"வரும்."

"வராட்டி சொல்லிடுங்க, கையாலயே எழுதிக்கிறேன். என் கையெழுத்துக்கு யாரும் பெர்மிஷன் கேக்க மாட்டானுங்க."

பக்கத்து மேஜைகளில் சிரிப்பு. விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

10.9, சனி

லேசான தூறல். புகை கொஞ்சம் அடங்கியது.

பத்து மணிக்கு அவன் அறைக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. தட்டினேன்.

"மிஸ்டர் சிவநேசன்."

"இங்க யாரும் இல்ல மச்சான். சிவான்னே கூப்பிடலாம்."

"என் ஃபைல் எல்லாம் உங்க நம்பர்ல வந்திருக்கு."

"தெரியும். செவ்வாய்க்கிழமையே பாத்துட்டேன்."

"மாத்தியிருக்கலாமே."

"மாத்தினா, 'என் ஃபைல்ல எவன் கை வச்சான்'னு முதலாளிகிட்ட போவீங்க. வைக்கல. இப்ப அதுக்கும் கோவமா?"

போயிருப்பேன்தான்.

"மாத்தித் தாங்க" என்றேன். மூன்று வருடத்தில் அவனிடம் கேட்ட முதல் காரியம்.

பாஸ்வேர்ட் அடித்து உள்ளே போனான். திரையில் # குறி வந்தது. அது வந்துவிட்டால் இந்தக் கம்ப்யூட்டரில் செய்யக் கூடாதது என்று எதுவும் கிடையாது; யாருடைய ஃபைலையும் படிக்கலாம், அழிக்கலாம். எழுந்து நாற்காலியை என் பக்கம் திருப்பினான்.

"நீங்களே அடிங்க. நான் கீழ போய் டீ குடிச்சிட்டு வரேன்."

போய்விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. எந்த மேனேஜரும் செய்யக் கூடாத காரியம். வேறு யாராவது செய்திருந்தால் எழுத்தில் புகார் கொடுத்திருப்பேன்.

டேப்பில் வந்த ஃபைல்களுக்கு chown. டைரக்டரிக்கு chown. பிறகு exit. வேறு எதையும் தொடவில்லை. மூன்று நாள் ஃப்ளாப்பி வேலை தேவையே இல்லை. அழித்துவிட்டேன்.

பன்னிரண்டுக்கு முன் முதல் ஸ்லிப் வந்தது. முனியாண்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனான்.

சி. திரும்பி வந்தபோது திரையைப் பார்க்கவில்லை. "முடிஞ்சிதா மச்சான்?" என்றான்.

"முடிஞ்சது. நாளைக்கு வீட்ல இருப்பீங்களா?"

என்னை நேராகப் பார்த்தான். "இருப்பேன்."

ஒரு நல்ல காரியத்தால் பழையது ஒன்றும் மாறிவிடவில்லை. எழுதி வைக்கிறேன்.

11.9, ஞாயிறு

வெயில். கிள்ளான். கமலா பட்டுப்புடவையில், மடியில் தட்டு. பஸ்ஸில் வெற்றிலை வாடாமல் ஈரத்துணி போட்டு மூடிக்கொண்டே வந்தாள்.

அவன் வீட்டு முன் கிரில் உள்ளே பூட்டியிருந்தது. ரேடியோ சத்தம் கேட்டது. கமலா கூப்பிட வாயெடுத்தாள். தடுத்தேன்.

"சிவா" என்று நானே கூப்பிட்டேன்.